மன்னார்க் காணிகளும் தரகர்களும்: விற்க நினைப்போர் அறிந்திருக்க வேண்டியவை

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலக் கரையோரத்திலும் காணி பற்றிய பேச்சு அண்மைக் காலமாகப் பெருகியிருக்கிறது. 2010ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கான புகையிரதச் சேவை மீண்டது. 2020 டிசம்பரில், தீவின் தென்கரை நெடுகிலும் நிறுவப்பட்ட முப்பது காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிம மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். இவை ஒவ்வொன்றும் காணியின் விலையோடு தொடர்புடைய செய்திகளே. பாலம் வந்தபோதும் புகையிரதம் வந்தபோதும் காற்றாலை வந்தபோதும், அவற்றுக்குப் பின்னால் காணித் தரகர்களும் வந்தார்கள்.

இந்தக் காணிகளின் உரிமையாளர்களில் பெரும் பகுதியினர் மன்னாரில் இல்லை என்பதே இங்குள்ள சிக்கலின் அடிப்படையாகும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், கரிசல், விடத்தல்தீவு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களைச் சேர்ந்தவர்கள் பெருந்தொகையினர். அவர்களில் பலர் இன்றும் புத்தளம் மாவட்டத்திலேயே வாழ்கின்றனர். அதேபோன்று பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் படகேறி மண்டபம் முகாமுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்று குடியேறியவர்களும் உள்ளனர். 2007ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, 2017இல் ஒரு பகுதி நிலம் விடுவிக்கப்படும் வரை காத்திருந்த முள்ளிக்குளம் மக்களைப் போன்றோரும் உள்ளனர்.

இவர்களில் சிலர் இன்று தமது காணிகளை விற்க எண்ணுகின்றனர். பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், முதுமைக்கால மருத்துவம், குடியேறிய இடத்தில் வீடு கட்டும் தேவை என்று காரணங்கள் பல. விற்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. அது குறித்து அறிவுரை கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் விற்பதென்று முடிவெடுத்த பின்னர், தூரத்தில் இருக்கும் ஒருவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. யாரை நம்பித் தரகை ஒப்படைப்பது? என்ன விலை கேட்பது? இவ்விரண்டிலும் ஏற்படும் தவறு ஒரு குடும்பத்தின் தலைமுறைச் சொத்தையே கரைத்துவிடக்கூடியது என்பதால் அவற்றைச் சற்று விரிவாக விளக்க முற்படுகின்றோம்.

முதலில் உறுதி, பின்னரே தரகர்

தரகரைத் தேடுவதற்கு முன்னர், எம்மிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும். இடம்பெயர்ந்தபோது உறுதிகளைக் கைவிட்டு வந்தவர்கள் ஏராளம். உறுதி தொலைந்தால் உரிமையும் தொலைந்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது சரியன்று. நொத்தாரிசு ஒருவர் எழுதும் ஒவ்வொரு உறுதியின் மூலப்படியும் அவரது கோவையில் இருக்கும். இணைப்படி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். எனவே உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால், அல்லது காணியின் பெயரும் எல்லைகளும் தெரிந்தாலேனும், பதிவகத்தில் தேடி உறுதிப்படுத்தப்பட்ட பிரதியொன்றைப் பெற முயலலாம். அந்தத் தேடலின்போதே, காணி எவருக்காவது ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, எமக்குத் தெரியாமல் வேறு எவரும் உறுதி எழுதிப் பதிவுசெய்திருக்கின்றனரா என்பனவும் வெளிச்சத்துக்கு வரும். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி முந்திப் பதிந்தவருக்கு முன்னுரிமை கிடைக்க இடமுண்டு என்பதால் இத்தேடல் இன்றியமையாதது.

இரண்டாவது, காணி உறுதிக் காணியா, அரசாங்கம் வழங்கிய காணியா என்பதாகும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மாத்திரம் பெற்ற காணியை விற்க முடியாது. அளிப்புப் பெற்ற காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி விற்க முடியாது. 'பெர்மிட் காணிதானே, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்' என்று கூறும் தரகர் இருதரப்பையும் சட்டச் சிக்கலுக்குள் தள்ளுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காணி அமைந்துள்ள இடத்தின் சட்ட நிலை. மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பிரதேசங்களில் 2012ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாகப் பிரகடனப்படுத்தப்பட்ட நிலங்கள் உள்ளன. மக்கள் அங்கில்லாத காலத்தில் காடு வளர்ந்து மூடிய நிலங்களும் அதற்குள் அகப்பட்டதென்பது நீண்டகால முறைப்பாடு. வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008இல் பிரகடனப்படுத்தப்பட்டது. 2015இல் ஆதாம் பாலம் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. இவற்றின் எல்லைகளுக்கு அருகே காணி வைத்திருப்போர் தமது துண்டு எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை நில அளவைப் படத்தின் மூலம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடற்கரைக் காணியாயின், உயர்நீர்க் குறியிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக 300 மீற்றர் வரையிலான பகுதி 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அங்கு கட்டடம் அமைக்க அனுமதி வேண்டும். இந்தத் தகவலை வாங்குபவரிடம் மறைத்துப் பெறும் விலை பின்னர் வழக்காகத் திரும்பி வரக்கூடும்.

நான்காவது, ஆட்சி. வேறொருவர் பத்தாண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிரான நிலையில் ஆட்சி செய்திருந்தால், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவர் உரிமை கோரலாம். யுத்தத்தினால் தமது உரிமையைக் காக்க இயலாமற் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்காதிருக்க அது வழி செய்தது. ஆயினும் அதன் கீழ் வழக்குத் தொடர வழங்கப்பட்ட இரண்டு வருட கால அவகாசம் 2018இலேயே முடிவடைந்துவிட்டது. ஆகவே காணியில் வேறொருவர் குடியிருப்பாராயின் முதலில் சட்டத்தரணியை நாட வேண்டும். அங்கே குடியிருப்பவரும் இடம்பெயர்ந்து வந்த ஏழையாகவோ, நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவராகவோ இருக்கலாம் என்பதையும் மறந்துவிடலாகாது.

யாருடைய கையொப்பம் வேண்டும்?

மன்னாரின் காணிகளில் பெரும்பாலானவை முதுசமாகவோ சீதனமாகவோ வந்தவை. அதனால் உரிமையாளர் ஒருவராக இருப்பது அரிது. முஸ்லிம்களின் வாரிசுரிமை 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் இறங்குரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அவரவர் சார்ந்த மத்ஹபின் விதிகளுக்கமையத் தீர்மானிக்கப்படுகின்றது. உதாரணமாக, மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்மாரையும் விட்டுத் தந்தை மரணித்தால், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு இரு பங்கும் மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்குமாகப் பிரியும். முழுக் காணியையும் 32 பங்காகக் கொண்டால் தாய்க்கு 4, மகனுக்கு 14, மகள்மார் ஒவ்வொருவருக்கும் 7. 'மூத்த மகன் கையொப்பமிட்டால் போதும்' என்று தரகர் கூறினால், அவர் விற்கச் சொல்வது 32இல் 14ஐ மாத்திரமே. புத்தளத்தில் இருக்கும் சகோதரியின் 7 பங்கு அப்படியே இருக்கும். பின்னொரு நாள் அவளது பிள்ளைகள் அதைக் கேட்டு வருவார்கள். அது அவர்களது நியாயமான உரிமையாகும்.

தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் விடயத்தில் வேறு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தனது அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அது கிடைக்காதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். அடுத்தது முன்னுரிமைக் கொள்வனவு. பிரிக்கப்படாத பங்கொன்றை அந்நியருக்கு விற்க முனையும்போது, 1947ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பங்காளிகளுக்கும் வாரிசாகக் கூடியவர்களுக்கும் அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்ற காணி வழக்கில் சிக்குவது புதிதல்ல. எனவே பங்குக் காணியாயின், முடிந்தால் முதலில் உடன்பட்டுப் பிரித்து எழுதிக்கொள்வதே நலம். பிரித்த துண்டுக்குப் பிரிக்காத பங்கைவிடக் கூடிய விலை கிடைக்கும் என்பதையும் அனுபவம் காட்டுகிறது.

தரகரை எவ்வாறு தெரிவு செய்வது?

இனித் தரகர் விடயத்துக்கு வருவோம். நடைமுறையில், கையில் ஒரு தொலைபேசி இருந்தால் எவரும் காணித் தரகராகிவிடலாம் என்ற நிலையே நிலவுகின்றது. நேர்மையான தரகர்கள் மன்னாரில் இல்லாமலில்லை. வாங்குபவரைத் தேடிப் பிடித்து, எல்லையைக் காட்டி, இரு தரப்பையும் நொத்தாரிசு முன் கொண்டுவந்து இருத்துவது உழைப்புத்தான். அதற்குரிய கூலி கொடுக்கப்படவே வேண்டும். எவர் அந்தக் கூலிக்கு உரியவர் என்று கண்டறிவதற்குச் சில சோதனைகளைக் கூறலாம்.

முதற் சோதனை, அவர் முடித்துக் கொடுத்த வியாபாரங்கள். அண்மையில் முடிந்த மூன்று விற்பனைகளைக் கூறும்படி கேளுங்கள். விற்றவரோடும் வாங்கியவரோடும் தனித்தனியே பேசுங்கள். இருவரும் கூறும் விலை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். விற்றவர் பெற்ற தொகைக்கும் வாங்கியவர் கொடுத்த தொகைக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்குமானால், அது எங்கே போனது என்பதை ஊகிப்பது கடினமன்று. 'உங்களுக்கு இவ்வளவு கிடைத்தால் போதும்தானே, அதற்கு மேல் வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பது நமது ஊர்களில் பழகிப்போன ஒரு வார்த்தை. கேட்பதற்கு இலகுவான ஏற்பாடாகத் தோன்றினாலும், அந்த ஒரு வார்த்தையினால் தரகர் விற்பவரின் பிரதிநிதி என்ற நிலையிலிருந்து மாறி, விற்பவரிடம் குறைத்து வாங்கிக் கூட்டி விற்கும் வியாபாரியாகிவிடுகின்றார்.

இரண்டாவது சோதனை, அவர் எப்போது பணம் கேட்கிறார் என்பது. விளம்பரச் செலவு, பதிவுச் செலவு, வெளிநாட்டிலிருந்து வாங்குபவரை அழைத்துவரும் செலவு என்று முன்கூட்டியே பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. இது மன்னாருக்கு மட்டும் உரிய விடயமன்று. மேலை நாடுகளிலும் இந்தியாவிலும் விடுமுறை விடுதிகளில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை விலைக்கு வாங்கும் வழக்கம் உண்டு. அதனை டைம்ஷெயார் என்பர். அந்த உரிமையை மீள விற்க விரும்புவோரிடம், வாங்குபவர் தயாராக இருக்கிறார் என்று கூறி முற்பணம் கறந்துகொண்டு மறைந்துவிடும் கூட்டத்தினர் குறித்து அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு மக்களைத் தொடர்ந்து எச்சரித்து வந்திருக்கிறது. சொத்து எதுவாயினும், நாடு எதுவாயினும் விதி ஒன்றே. தரகு என்பது உறுதி எழுதி முழுப் பணமும் கைக்கு வந்த பின்னர் கொடுக்கப்பட வேண்டியது.

மூன்றாவது சோதனை, எழுத்து. தரகு எத்தனை வீதம், யார் கொடுப்பது, எத்தனை மாதங்களுக்கு அவருக்குப் பொறுப்பு, அக்காலத்தில் உரிமையாளர் தாமே ஒருவரைக் கண்டுபிடித்தால் தரகு உண்டா இல்லையா, வாங்குபவரிடமும் தரகு பெறுகின்றாரா என்பனவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட மறுக்கும் தரகரை விட்டுவிடலாம். இரண்டு, மூன்று வீதம் என்பது பரவலாகப் பேசப்படும் தரகு. மூன்று மாத காலம் போதுமானது. கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படி அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிப்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். நம்பிக்கையுள்ள இடத்தில் எழுத்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

நான்காவது, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது. தரகரிடம் உறுதியின் நிழற்பிரதி போதும். மூல உறுதியைக் கொடுக்கலாகாது. தூரத்தில் இருப்போர் எவருக்கேனும் அற்றோணித் தத்துவம் வழங்கத்தான் வேண்டுமென்றால், அதனை நெருங்கிய உறவினருக்கோ நம்பிக்கையான சட்டத்தரணிக்கோ, குறித்த ஒரு காணிக்கு மட்டும், குறைந்தபட்ச விலையையும் குறிப்பிட்டு வழங்க வேண்டும். ஒருபோதும் தரகருக்கு வழங்கக் கூடாது. விற்கும் அதிகாரமும் பணம் பெறும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால் உரிமையாளர் வெறும் பார்வையாளரே. பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வர வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவித்துக்கொள்வது நலம்.

ஐந்தாவது, நொத்தாரிசு. தரகரே அழைத்துவரும் நொத்தாரிசிடம் இரு தரப்பும் எழுதுவதே வழக்கமாகிவிட்டது. விற்பவர் தமக்கென வேறொரு சட்டத்தரணியிடம் வரைவைக் காட்டி வாசிப்பித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி, பின்னர் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்பாகவும் சாட்சிகள் முன்பாகவும் ஒப்பமிடப்பட்டாலே சட்டத்தின் முன் செல்லுபடியாகும். சிறு தொகையொன்றை அச்சவாரமாகக் கொடுத்து, நீண்ட தவணை போட்டு, காணியை முடக்கி வைத்துக்கொண்டு, அதைத் துண்டாடிப் பலருக்கு விலை பேசும் தந்திரமும் உண்டு. ஆகவே உடன்படிக்கை எழுதுவதாயின் தவணை குறுகியதாகவும், தவறினால் உடன்படிக்கை முடிவடையும் என்ற வாசகத்தோடும் இருக்க வேண்டும்.

விலையை எவ்வாறு நிர்ணயிப்பது?

காணி விலை பேசும்போது முதலில் அளவைச் சரியாகக் கூற வேண்டும். ஓர் ஏக்கர் என்பது 4 றூட் அல்லது 160 பேர்ச். யாழ்ப்பாணத்து உறவினர் பரப்புக் கணக்கில் பேசுவார்கள். ஒரு பரப்பு 10 பேர்ச். பழைய உறுதிகளில் உள்ள விஸ்தீரணம் இன்று நிலத்தில் இருப்பதோடு பொருந்தாமல் போவது சாதாரணம். அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து படம் வரைவித்த பின்னரே பேர்ச் கணக்கில் விலை கூற வேண்டும்.

அடுத்து, அயலில் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்ற ஒப்பீடு. கடந்த ஓராண்டு இரண்டாண்டுக்குள், அதே கிராம அலுவலர் பிரிவில், அதே வகையான காணிகள் மூன்று நான்கேனும் என்ன விலைக்குக் கைமாறின என்று விசாரிக்க வேண்டும். கேட்கப்பட்ட விலையை அல்ல, கொடுக்கப்பட்ட விலையையே கணக்கில் எடுக்க வேண்டும். உறுதியில் எழுதப்பட்ட தொகையை மட்டும் நம்ப முடியாது. முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காகத் தொகையைக் குறைத்து எழுதும் பழக்கம் இருப்பதால், விற்றவரிடமோ வாங்கியவரிடமோ நேரில் கேட்டறிவதே வழி. காணி பெரிதாயின், தகுதிபெற்ற விலைமதிப்பாளர் ஒருவரின் அறிக்கையைப் பெறுவது அதன் செலவுக்கு மிகவும் தகும்.

ஒப்பீட்டு விலை கிடைத்த பின்னர், எமது காணியின் கூடுதல் குறைவுகளை அதன் மீது ஏற்ற வேண்டும். வாகனம் செல்லும் பாதை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா? கிணற்று நீர் நன்னீரா உவர் நீரா? மன்னார்த் தீவின் மணலுக்கடியில் நன்னீர் மெல்லிய படலமாகவே இருக்கிறது. அதனால் குடிக்கத்தக்க நீருள்ள துண்டுக்கும் உவர் நீருள்ள துண்டுக்கும் இடையே வேலி ஒன்றுதான் என்றாலும் விலை வேறுபடும். மாரியில் வெள்ளம் நிற்குமா? மின்சாரம் உண்டா? பனைகள் எத்தனை? காற்றாலை எவ்வளவு தூரத்தில்? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டால், வாங்குபவர் குறை கூறி விலையை இறக்க முற்படும்போது தடுமாற வேண்டியிருக்காது. 'பெரிய திட்டம் வருகிறது' என்ற வதந்தியை நம்பி விலையை ஏற்றுவதும், 'திட்டம் வந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்' என்ற பயமுறுத்தலுக்கு அஞ்சி விலையை இறக்குவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். 2025 பெப்ரவரியில் இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டதை நினைவிற்கொள்க. திட்டங்கள் வரும், போகும். அறிவிக்கப்பட்ட திட்டத்தின் மீது விலை கட்டுவது மணலில் வீடு கட்டுவதற்கொப்பாகும்.

விற்பவர் மூன்று தொகைகளை மனதில் வைத்திருக்க வேண்டும். வெளியே கூறும் விலை ஒன்று. நியாயமாக எதிர்பார்க்கும் விலை ஒன்று. இதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற எல்லை ஒன்று. மூன்றாவதைத் தரகரிடம் ஒருபோதும் கூறலாகாது. கூறிய மறுகணமே அதுவே சந்தை விலையாகிவிடும்.

கையில் மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கையும் முன்னரே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்காக மட்டும், 40 பேர்ச் காணியொன்றைப் பேர்ச் 2 இலட்சம் ரூபாவாக 80 இலட்சத்துக்கு ஒருவர் விற்பதாகக் கொள்வோம். இது மன்னாரின் சந்தை விலையன்று, உதாரணமே. தரகு 3 வீதம் என்றால் 2 இலட்சத்து 40 ஆயிரம். அளவை, சட்டச் செலவு 60 ஆயிரம் எனக் கொள்வோம். அடுத்து மூலதன ஆதாய வரி. இது 2018 ஏப்ரல் 1 முதல் 10 வீதமாக மீள அறிமுகப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னரே உரிமையிலிருந்த காணிக்கு, 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியன்று இருந்த சந்தை விலையே அடக்க விலையாகக் கொள்ளப்படும். அன்றைய விலை 50 இலட்சம் என்று விலைமதிப்பாளர் சான்றளித்தால், செலவு 3 இலட்சமும் கழித்து ஆதாயம் 27 இலட்சம். 10 வீதக் கணக்கில் வரி 2 இலட்சத்து 70 ஆயிரம். ஆக 80 இலட்சத்தில் கைக்கு வருவது 74 இலட்சத்து 30 ஆயிரம். வரி விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதாலும் சில விலக்குகள் இருப்பதாலும், விற்கும் காலத்து வீதத்தை உண்ணாட்டரசிறைத் திணைக்களத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

வாங்குபவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். மேற்படி காணிக்கு அது 3 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா. அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணமும் உண்டு. இச்சுமையைக் குறைப்பதற்காக, உறுதியில் 30 இலட்சம் என்று எழுதுவோம், மீதியைக் கையில் தருகிறோம் என்று வாங்குபவர் கூறலாம். இதற்கு உடன்படக் கூடாது என்பதே எமது உறுதியான ஆலோசனை. கையில் தருவதாகக் கூறிய மீதி வராவிட்டால் விற்பவரிடம் ஆதாரம் எதுவும் இருக்காது. வெளிநாட்டில் குடியேறியவர் 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் விற்பனைப் பணத்தை வங்கிக் கணக்கினூடாக வெளியே கொண்டுசெல்ல முனையும்போது வங்கி கேட்பது உறுதியைத்தான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குறைத்து எழுதுவது பொய் எழுதுவதாகும்.

அவசரப்படுத்தும் குரல்கள்

மன்னாரில் கேட்கும் ஒரு குரலைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பதற்கில்லை. 'அயற்காணியை அவர்கள் வாங்கிவிட்டார்கள், இனி உங்கள் காணிக்கு விலை கிடையாது' என்று தமிழரிடம் முஸ்லிம்களைப் பற்றியும், முஸ்லிம்களிடம் தமிழரைப் பற்றியும், இருவரிடமும் சிங்களவரைப் பற்றியும் ஒரே தரகரே கூறித் திரிவதுண்டு. அச்சத்தினால் விற்கப்படும் காணி எப்போதும் மலிவாகவே விற்கப்படும். அந்த மலிவின் இலாபம் எந்தச் சமூகத்துக்கும் போவதில்லை, நடுவில் நிற்பவருக்கே போகிறது. விலை கெடுவதோடு அது நிற்பதுமில்லை. மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பிரிந்திருந்து, மெல்ல மெல்ல ஒரே வீதியில் மீண்டும் குடியேறிவரும் இரு சமூகங்களின் உறவும் அதனால் கெடுகின்றது.

ஆகவே காணி விற்க எண்ணுவோர், விளம்பரம் செய்வதற்கு முன்னர் அயலவரிடமும் பங்காளிகளிடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. பள்ளிவாசல் நிருவாகத்தினரும் பங்குத் தந்தையும் கோவில் தர்மகர்த்தாக்களும் ஊரின் காணித் தகராறுகளைப் பெரும்பாலும் அறிந்தவர்கள். அவர்களிடம் விசாரித்தால், எந்தத் தரகர் எப்படிப்பட்டவர் என்பது எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாகத் தெரியவரும். எருக்கலம்பிட்டியிலும் பேசாலையிலும் உள்ள நலன்புரிச் சங்கங்கள், புத்தளத்திலும் வெளிநாடுகளிலும் இருக்கும் தமது ஊரவருக்காக, அண்மைய விற்பனை விலைகளைத் திரட்டி வைத்துக் கேட்போருக்குக் கூறும் பணியைத் தொடங்கினால், அது பெரும் சேவையாக அமையும். தூரத்தில் இருப்பவரின் அறியாமைதான் தவறான தரகரின் மூலதனம். அதை இல்லாமற் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உறுதியைத் தேடி எடுங்கள். பங்காளிகள் அனைவரையும் கேளுங்கள். அளந்து, விசாரித்து, விலையை நீங்களே தீர்மானியுங்கள். அதன் பின்னர் தரகரை அழையுங்கள். விற்ற காணியை மீண்டும் வாங்குவது எளிதன்று. எனவே விற்பவர் எடுக்கும் சில வார கால நிதானம் வீணாகப் போவதில்லை என்பதே எமது கருத்தாகும்.